இறந்தவருக்காகவா, இறந்தவருக்கா, இறந்தவரிடமா? மலையகத்துச் சாவு வீடுகளில் எழும் கேள்விக்கு ஒரு விளக்கம்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில், இலங்கையின் மலையகத்தில் எத்தனையோ இடங்களில் மலைச்சரிவு அப்படியே இறங்கி வந்தது. மண்ணுக்குள் போனவர்கள் எல்லாரையும் வெளியே எடுக்க முடியவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்து லயன்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) மண் மூடியபோதும் இதுதான் நடந்தது. உடலே கிடைக்காதவருக்கு என்ன காரியம் செய்வது? யார் செய்வது? அழுது முடிப்பதற்குள்ளேயே அந்தக் குடும்பங்கள் இந்தக் கேள்வியில் வந்து நிற்கின்றன.

மலையகத்தில் இது கூடுதலாகச் சிக்கலாகிறது. ஒரே காம்பராவில் (லயன் அறையில்) அம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போவார், மருமகள் மாதா கோயிலுக்குப் போவார், இளைய மகன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போவார். பக்கத்துக் கடைக்காரர் முஸ்லிம், கீழே கிராமத்தில் இருப்பவர்கள் பௌத்தர்கள். கருமாதி நாள் நெருங்கும்போது யாராவது ஒருவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிடும்: "செத்தவங்களைக் கும்பிடலாமா?" அப்புறம் அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை நின்று போகும்.

சமயங்களுக்கு இடையே உண்மையான வேறுபாடு இருக்கிறது. அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சண்டைகளில் பாதிக்கு மேல் கொள்கையால் வருவதில்லை, "கும்பிடுவது" என்ற ஒரே சொல்லுக்குள் பல செயல்களைப் போட்டுக் கட்டிவிடுவதால் வருகிறது. முதலில் அந்த மூட்டையை அவிழ்ப்போம்.

ஒரு சொல்லுக்குள் எத்தனை செயல்

பெரியவரைக் கண்டாலும் கும்பிடுகிறோம், சாமியையும் கும்பிடுகிறோம், மாலை போட்ட படத்துக்கு முன்னாலும் கும்பிடுகிறோம். கை கூப்புவது ஒன்றுதான். உள்ளே நடப்பது வேறு வேறு. தமிழின் வேற்றுமை உருபைக் கவனித்தாலே இந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

1. இறந்தவருக்காக: கேட்பது கடவுளிடம். "அவருக்கு இளைப்பாற்றி கொடு", "அவருடைய பாவத்தை மன்னித்துவிடு" என்று வேண்டுவது.

2. இறந்தவருக்கு: கொடுப்பது. எள்ளும் தண்ணீரும், சோறு, படையல், அவர் பெயரில் தானம், புண்ணியம். இதில் எதையும் கேட்பதில்லை.

3. இறந்தவரிடம்: கேட்பது. "பிள்ளைக்குச் சுகம் கொடு", "இந்த வீட்டைக் காப்பாற்று" என்று இறந்தவரையே பார்த்துச் சொல்வது. இதற்குள்ளும் இரண்டு உண்டு: நீயே கொடு என்பது ஒன்று, எனக்காகக் கடவுளிடம் பேசு என்பது இன்னொன்று.

இந்த மூன்றுக்கும் வெளியே நினைவுகூர்வது என்று ஒன்று இருக்கிறது. 1940 ஜனவரி 10 அன்று முல்லோயா தோட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிலாளி கோவிந்தனுக்கும், 1977 மே 11 அன்று டெவன் தோட்டத்தில் சுடப்பட்ட சிவனு லட்சுமணனுக்கும் பூ வைத்து எழுந்து நிற்கிறோம். அதில் வேண்டுதலே கிடையாது. அப்படி நிற்பதை எந்தச் சமயமும் வழிபாடாகக் கணக்கெடுப்பதில்லை.

ஒவ்வொரு சமயமும் இந்த மூன்றுக்கும் சொல்லும் பதில், அதற்கு முந்தைய ஒரு கேள்வியில் தங்கியிருக்கிறது. செத்தவர் இப்போது எங்கே இருக்கிறார்? நாம் பேசுவது அவருக்குக் கேட்குமா? கேட்டாலும் அவரால் ஏதாவது செய்ய முடியுமா? இதற்கு விடை தெரிந்தால் மற்றது தானாக வரும்.

படையலில் இருப்பது என்ன

லயத்தில் ஒரு படையலைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சுவரோரம் பலகையில் படம், அதன்மேல் மாலை. முன்னால் வாழை இலை. இலையில் சோறும் கறியும் மட்டும் இருக்காது. அவர் விடியக்காலை பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகுமுன் சாப்பிட்ட ரொட்டி, கூடவே கட்டச் சம்பல், ஒரு கோப்பை பிளேன்டீ, வெற்றிலை, பாக்கு, புகையிலை. சிலருக்குச் சுருட்டு, சிலருக்கு ஒரு கிளாஸ் சாராயம். சூடம் காட்டிவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்துவார்கள். அவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கொஞ்ச நேரம் விடுவார்கள்.

இதில் பெரும்பகுதி "இறந்தவருக்கு" என்ற வகையைச் சேர்ந்தது. பசிக்கு வைப்பது. திருவள்ளுவர் இல்லறத்தானின் கடமைகளைச் சொல்லும்போது (குறள் 43) தென்புலத்தார், தெய்வம், விருந்து, ஒக்கல், தான் என்று ஐந்து பேரை வரிசையாக வைக்கிறார். இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். தென்புலத்தார் என்ற முன்னோரைத் தெய்வத்தோடு சேர்க்காமல் தனியாக எண்ணுகிறார். அதோடு ஐவருக்கும் அவர் சொல்லும் செயல் "ஓம்பல்". ஓம்புவது என்றால் பேணுவது, பராமரிப்பது. விருந்தாளியையும் சொந்தக்காரரையும் எப்படிப் பேணுகிறோமோ அப்படியே முன்னோரையும்.

வைதிக முறையிலான பிதிர்க்கடனும் இதே தளத்தில்தான் நிற்கிறது. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறைக்குப் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுகிறார்கள். இவர்களை முறையே வசு, ருத்திரர், ஆதித்தியர் என்ற வடிவில் நினைப்பது மரபு. ஆடி அமாவாசை, தை அமாவாசை, புரட்டாதி மகாளயம் எல்லாம் இதற்கான நாட்கள். இறந்தவர் மறுபிறவி எடுத்திருந்தால் எள்ளுத் தண்ணீர் எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்பவர்கள் உண்டு. பிதிர் தேவதைகள் அதை வாங்கி, அவர் எந்தப் பிறவியில் இருக்கிறாரோ அதற்கேற்ற உணவாகச் சேர்ப்பிக்கிறார்கள் என்பது மரபு தரும் பதில்.

ஆனால் மலையகத்து வழிபாடு இதோடு நிற்பதில்லை. மதுரை வீரன் ஒரு மனிதர். கதைப்படி மாறுகால் மாறுகை வாங்கிக் கொல்லப்பட்டவர். தோட்டங்களில் ஆடப்படும் பொன்னர் சங்கர் கூத்தின் அண்ணன் தம்பி இருவரும் மாண்டு தெய்வமானவர்கள். வீட்டில் கன்னியாக இறந்த பெண்ணுக்குத் தனியாகச் சேலை வைத்துக் கும்பிடும் குடும்பங்களும் இருக்கின்றன. இவர்களுக்கு வெறுமனே சோறு வைப்பதில்லை, இவர்களிடம் கேட்கவும் செய்கிறார்கள். நேர்த்தி வைக்கிறார்கள், குறி கேட்கிறார்கள். இங்கே "இறந்தவரிடம்" என்பது முழு அர்த்தத்தோடு நடக்கிறது.

இதைப் பிற்காலத்து மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது தவறு. தமிழில் இது மிகப் பழையது. போரில் மாண்ட வீரனின் நடுகல்லைத் தவிர நெல் தூவிப் பரவும் கடவுள் எங்களுக்கு வேறு இல்லை என்று புறநானூற்றின் 335ஆம் பாட்டு சொல்கிறது. நடுகல் நாட்டும் சடங்கைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துச் சொல்கிறது.

சைவ சித்தாந்தம் இதை வேறு கோணத்தில் பார்க்கிறது. சிவஞான சித்தியார் சொல்வது இது: நீ எந்தத் தெய்வத்தை வழிபட்டாலும் அந்த வடிவில் வந்து அருள்வது சிவன்தான். அந்தச் சிறு தெய்வங்கள் தாமே வேதனைப்படும், இறக்கும், பிறக்கும், வினை செய்யும். அதாவது வழிபாட்டைத் தடுக்கவில்லை, பலன் யாரிடமிருந்து வருகிறது என்பதை மாற்றிச் சொல்கிறது. ஆக, "இந்துக்கள் செத்தவர்களைக் கடவுளாக்குகிறார்கள்" என்ற பேச்சு பாதி உண்மை. தாத்தாவுக்கு வைக்கும் பிளேன்டீயும் மதுரை வீரனுக்கு வைக்கும் நேர்த்தியும் இரண்டு வேறு காரியங்கள். கும்பிடுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

கத்தோலிக்கர்: "வேண்டிக்கொள்ளும்" என்ற சொல்

கத்தோலிக்கர்கள் "இறந்தவருக்காக", "இறந்தவரிடம்" இரண்டையும் ஏற்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் தெளிவான கோடு ஒன்றைப் போட்டிருக்கிறார்கள்.

சாதாரணமாக இறந்த விசுவாசிக்காக மன்றாட வேண்டும். கடவுளின் அருளில் இறந்தாலும் முழுத் தூய்மை அடையாதவர்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தூய்மை பெறுகிறார்கள், அவர்களுக்கு நம் மன்றாட்டும் பூசையும் உதவும் என்பது போதனை. நவம்பர் 2 இதற்கான நாள். அன்று மாலை கல்லறைத் தோட்டங்களில் மெழுகுதிரி வரிசை வரிசையாக எரிவதைப் பார்க்கலாம். விவிலிய ஆதாரமாக மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்தைக் காட்டுகிறார்கள். போரில் இறந்த வீரர்களின் பாவத்துக்குப் பரிகாரம் செய்ய யூதா மக்கபே பணம் திரட்டி எருசலேமுக்கு அனுப்பியதாக அதில் வருகிறது.

புனிதர்களுக்கு மட்டும் திசை திரும்புகிறது. அவர்கள் ஏற்கெனவே கடவுளிடம் இருப்பவர்கள், அவர்களுக்காக மன்றாடத் தேவையில்லை. நமக்காக மன்றாடும்படி அவர்களிடம் கேட்கலாம். "அருள் நிறைந்த மரியே" செபத்தின் கடைசி வரி இதற்கு நல்ல சாட்சி. "எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்." கொடு என்று கேட்கவில்லை, வேண்டிக்கொள் என்று கேட்கிறது. ஆராதனை கடவுளுக்கு மட்டும், புனிதருக்கு வணக்கம் என்பது அவர்கள் விதி.

இதற்கு மலையகத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. கோவாவிலிருந்து வந்து தமிழும் சிங்களமும் படித்து, மறைந்து மறைந்து ஊழியம் செய்த ஜோசப் வாஸ் அடிகள் 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் இறந்தார். 1995 ஜனவரி 21 அன்று பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இறந்து 300 ஆண்டுகள் தாண்டி ஒருவர் முழுத் திருச்சபையின் பரிந்துரையாளராகிறார். யாரிடம் கேட்கலாம் என்பதைத் தனியாள் தீர்மானிப்பதில்லை, திருச்சபை விசாரித்துச் சொல்கிறது. தோட்டத்தில் ஒரு பூசாரி மேல் சாமி வந்து சொன்னால் போதும் என்ற முறைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

சபைகள் ஏன் மறுக்கின்றன

சீர்திருத்தக் கிறிஸ்தவம் மலையகத்துக்குப் புதிதல்ல. அங்கிலிக்கன் மிஷனரிகள் தமிழ்க் கூலி மிஷனை 1854இலேயே கோப்பித் தோட்டங்களில் தொடங்கினார்கள். அங்கிலிக்கன் திருச்சபையின் 39 விதிகளில் 22ஆவது, உத்தரிக்கிற ஸ்தலத்தையும் புனிதர்களிடம் வேண்டுவதையும் மறுக்கிறது. ஆனாலும் இன்று பல அங்கிலிக்கன் ஆலயங்களில் இறந்தோரைப் பெயர் சொல்லி நினைத்துச் செபிக்கிறார்கள். பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைகளில் நிலைப்பாடு இறுக்கமாக இருக்கும். அவர்கள் காட்டும் காரணங்கள்:

1. மரணத்தோடு கணக்கு முடிந்துவிட்டது. "ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும்" மனிதருக்கு நியமிக்கப்பட்டது என்கிறது எபிரெயர் 9:27. அதனால் "இறந்தவருக்காக" என்பதற்கு இடமில்லை.

2. மத்தியஸ்தர் கிறிஸ்து ஒருவரே (1 தீமோத்தேயு 2:5). அதனால் "இறந்தவரிடம்" என்பதற்கும் இடமில்லை.

3. செத்தவர்களிடம் குறி கேட்பதை உபாகமம் 18 நேரடியாகத் தடுக்கிறது. சவுல் ராஜா எந்தோரில் இருந்த அஞ்சனம் பார்க்கிறவளிடம் போன கதையை எச்சரிக்கையாகச் சொல்வார்கள்.

மக்கபேயர் நூல்கள் சீர்திருத்த வேதாகமத்தின் ஏற்புடைய வரிசையில் இல்லை. ஆகவே மருமகள் காட்டும் வசனம் மச்சினன் கையிலுள்ள புத்தகத்தில் இருக்காது. வாதம் எங்கேயும் போய்ச் சேராததற்கு இது ஒரு சாதாரணமான, ஆனால் பலருக்குத் தெரியாத காரணம்.

"இறந்தவருக்கு" என்ற இரண்டாவது வகையில்தான் சபைக்குப் போகிற பிள்ளைகள் உண்மையிலேயே தவிக்கிறார்கள். படையல் சோற்றைச் சாப்பிடலாமா என்பதுதான் அந்தத் தவிப்பு. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 8 முதல் 10 வரை இதே பிரச்சினையைத்தான் எடுத்துப் பேசுகிறார். விருந்துக்குப் போனால் எதையும் விசாரிக்காமல் சாப்பிடு, படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால் சாப்பிடாதே என்கிறார். அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்த சோற்றை மகன் மறுப்பது அம்மாவை மறுப்பதாக அக்காவுக்குத் தெரிகிறது. அவனுக்கு அது மனச்சாட்சி. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

முஸ்லிம்களுக்குள் நடக்கும் விவாதம்

"இறந்தவருக்காக" என்பதில் முஸ்லிம்களுக்குள் பிளவே இல்லை. ஜனாஸாத் தொழுகையின் (இறந்தவருக்கான தொழுகையின்) மையமே அதுதான். மனிதன் இறந்ததும் அவன் செயல்கள் நின்றுவிடுகின்றன, மூன்றைத் தவிர: நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, அவனுக்காகத் துஆ (வேண்டுதல்) செய்யும் நல்ல பிள்ளை. இந்த ஹதீஸை (நபிமொழியை) மலையகத்து முஸ்லிம் வீடுகளில் சிறு பிள்ளையும் சொல்லும்.

விவாதம் மற்ற இரண்டில்தான். ஓதி நன்மையைச் சேர்ப்பது, கத்தம் (குர்ஆன் ஓதுதல்), கந்தூரி (நினைவு விருந்து) கொடுப்பது ஆகியவற்றைத் தரீக்கா (சூஃபி) வழியினர் ஏற்கிறார்கள், ஏக இறைக் கொள்கையை வலியுறுத்தும் தௌஹீத் அமைப்பினர் மறுக்கிறார்கள். பலாங்கொடைக்கு அருகே கூரகலையில் உள்ள தஃப்தர் ஜெய்லானி, பக்தாதில் 1166இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானி அவர்கள் தியானம் செய்த இடமாகப் போற்றப்படுகிறது. அங்கே போகிறவர் இறைநேசரை வஸீலாவாக (இடைவழியாக) வைத்து அல்லாஹ்விடம் கேட்பதாகச் சொல்வார். எதிர்ப்பவர், கப்ருகளில் (புதைகுழிகளில்) உள்ளவர்களைக் கேட்கச் செய்ய உம்மால் முடியாது என்ற குர்ஆன் வசனத்தை (35:22) காட்டுவார். கத்தோலிக்கருக்கும் சபைக்காரருக்கும் நடுவில் நடக்கும் அதே வாதம் இங்கே வேறு சொற்களில் நடக்கிறது.

பௌத்தர்: புண்ணியத்தைப் பகிர்தல்

பன்சலையில் (பௌத்த விகாரையில்) ஏழாம் நாள், மூன்றாம் மாதம், ஆண்டு முடிவு என்று தானம் கொடுக்கும்போது, நிரம்பி வழியும்வரை கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவதைப் பக்கத்து லயத்தவர்கள் பார்த்திருப்பார்கள். செய்த புண்ணியத்தை இறந்த உறவினர் அனுமோதிக்கட்டும் (மகிழ்ந்து ஏற்கட்டும்) என்பது அதன் பொருள். கொடுத்தது அவர்களுக்குப் போய்ச் சேருமா என்று ஜாணுஸ்ஸோணி என்ற பிராமணர் புத்தரிடம் கேட்டது அங்குத்தர நிகாயம் என்ற பௌத்த நூலில் இருக்கிறது. பிரேத நிலையில் (பசித்த ஆவியாக) பிறந்தவருக்கு மட்டுமே சேரும், தேவராகவோ மனிதராகவோ பிறந்தவருக்குச் சேராது என்பது புத்தர் சொன்ன பதில். அப்படியானால் வீணா என்ற கேள்விக்கு, கொடுத்தவருக்குப் பலன் உண்டு என்கிறார்.

உடல் கிடைக்காதபோது

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வரலாம். எந்தச் சமயமும் இப்படிப்பட்ட குடும்பத்தைக் கைவிடவில்லை.

1. இந்து மரபில் தர்ப்பையால் உருவம் செய்து, அதையே உடலாகக் கொண்டு தகனமும் மற்றக் கிரியைகளும் செய்ய விதி இருக்கிறது. துர்மரணத்துக்கு நாராயண பலி என்ற கிரியையும் உண்டு.

2. கத்தோலிக்கத்தில் உடல் இல்லாமலே இறந்தவருக்கான பூசை ஒப்புக்கொடுக்கலாம்.

3. இஸ்லாத்தில், அபிசீனியாவில் இறந்த நஜ்ஜாஷி மன்னருக்கு நபியவர்கள் தொழுததை வைத்துக் காயிப் ஜனாஸா (உடல் முன்னால் இல்லாமலே தொழும் ஜனாஸா) தொழுவது ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப் பிரிவில்) உண்டு. மண்ணுக்குள் அகப்பட்டுக் குளிப்பாட்ட முடியாதவருக்குத் தொழுவதில் அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு இருக்கிறது. துஆச் செய்வதில் இல்லை. வெள்ளத்தில் மூழ்கி இறந்தவரையும் இடிபாட்டில் அகப்பட்டு இறந்தவரையும் ஷஹீத் (உயிர்த்தியாகி) என்று ஹதீஸ் சொல்கிறது.

4. பௌத்தத்தில் புண்ணியப் பகிர்வுக்கு உடல் தேவையே இல்லை.

5. சபைகளில் நடக்கும் நினைவு ஆராதனை இருப்பவர்களின் ஆறுதலுக்கானது. அதனால் அதற்கும் உடல் கட்டாயமில்லை.

வீட்டுக்குள் எப்படிப் பேசுவது

உருபைப் பிரித்துப் பேசினால் பல முடிச்சுகள் தளர்கின்றன. சபைக்குப் போகிற மகனிடம் "அம்மாவைக் கும்பிட மாட்டாயா?" என்று மொத்தமாகக் கேட்காமல், எது முடியும் எது முடியாது என்று தனித்தனியாகக் கேட்கலாம். பாடை தூக்குவது, குழி வெட்டுவது, தப்புக்காரருக்கு (தப்பு அடிப்பவருக்கு) கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது, கருமாதிச் செலவில் பங்கு போடுவது, வந்தவர்களுக்குச் சாப்பாடு பார்ப்பது எதுவும் வழிபாடு அல்ல. நீர்மாலை எடுப்பது, விபூதி பூசுவது, கொள்ளிக்குடம் உடைப்பது அவனுக்குக் கஷ்டமாக இருக்கலாம். அவற்றை இன்னொரு மகனோ பங்காளியோ செய்ய மரபிலேயே இடம் இருக்கிறது. படையல் வைக்கும் முன்பே அவனுக்கு ஒரு கோப்பையில் சோறு எடுத்து வைத்துவிட்டால் பவுலின் பிரச்சினையும் வராது. இதைக் கடைசி நாளில் மயானத்தில் வைத்துப் பேசக்கூடாது. முதல் நாளே பேச வேண்டும். அடக்கத்தன்று யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்துவது, விபூதிக்கானாலும் செபத்துக்கானாலும், கொடுமை.

பெயர் தெரியாதவர்கள்

ஒரு கூட்டம் மிச்சமிருக்கிறது. தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியாக நடந்தபோது வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பாதையோரமே விழுந்தவர்கள். தோட்டத்தில் இறந்து, கல் கூட நடப்படாமல் தேயிலைச் செடிகளுக்கு இடையே புதைக்கப்பட்டவர்கள். 2023இல் மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 ஆண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் இவர்களைத்தான் நினைத்து நடந்தார்கள். இவர்களுக்கு மூன்று தலைமுறைப் பெயர் சொல்ல ஆளில்லை.

கத்தோலிக்கர்கள் யாரும் நினையாத ஆன்மாக்களுக்காகத் தனியாகச் செபிப்பது உண்டு. தர்ப்பணத்திலும் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. அப்பா வழி, அம்மா வழி எல்லாப் பெயர்களையும் சொல்லி முடித்த பிறகு, கடைசியாக ஒரு கை தண்ணீர் மிச்சம் வைப்பார்கள். தாய் இல்லாதவர், தந்தை இல்லாதவர், உறவு என்று சொல்ல யாருமே இல்லாதவர், எல்லாரும் நான் விடும் இந்தத் தண்ணீரால் திருப்தி அடையட்டும் என்ற மந்திரத்தோடு அதை விடுகிறார்கள்.